ஐம்பதை வைத்தது யார்

யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அவர் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். ஒரு கணம் யோசித்துவிட்டு, "இதை யாரு வச்சது?" என்று கேட்பார். குரலில் கோபம் இருக்காது, கேலியும் இருக்காது. வழி தெரியாதவர் வழி கேட்பதுபோலக் கேட்பார். அதனாலேயே பலருக்கு எரிச்சல் வந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் அவரும் நானும் வேலை பார்த்தோம். அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும், கல்யாணமாகாத பெண். டவுனில் பிறந்தவர், அப்பா தபால் ஆபீசில் இருந்தவர். எனக்கு இருபத்திரண்டு. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்து, டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். அதை நான் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

அறையின் கண்ணாடி வழியே பார்த்தால் பக்கத்து விமான நிலையத்தில் பயிற்சி விமானங்கள் ஏறி இறங்குவது தெரியும். அவர் அவற்றைப் பார்த்து நான் கண்டதில்லை. உயரம் குறைவு, கைகள் பெரியவை. மேல்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. என்னிடம் தேவைக்கு மேல் பேசமாட்டார். எதையும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. "புத்தகம் அங்க இருக்கு" என்பார், அவ்வளவுதான்.

எல்லா வரம்பும் அவருக்குப் பிடிக்காது என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. கேன்டீனில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்ற அம்மா ஒரு நாள் அவர் தட்டில் காரச் சம்பாலைப் போட்டுவிட்டுக் கரண்டியை நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."

"ஆளுக்கு ரெண்டு கரண்டிதான்."

"ரெண்டுன்னு யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன். வெங்காயம் உரிக்கிறது நானு, வெரலு வெந்துபோறதும் எனக்கு. என்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு போதும்."

அன்று அவர் முகத்தில் பார்த்த திருப்தியை அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. அந்தக் கேன்டீனில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்ட காலம் முழுவதும் மூன்றாவது கரண்டி அவர் கேட்டதே இல்லை.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவர் இதையே கேட்டிருக்கிறார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்ததாம். பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் அம்மா, முப்பது வயதுக்கு மேலே போன பெண் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம் என்றாராம். "முப்பதுன்னு யாரு வச்சது ஆன்ட்டி?" என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். கணவர் மகனைப் பார்த்தார். மகன் தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தான். "மூணு பேருக்குமே தெரியலை. ஒருத்தராவது நான்தான்னு சொல்லியிருந்தா மேல பேசியிருக்கலாம்" என்று இதை எங்களிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள்தான் சிரித்தோம்.

தண்டாஸ் கார்டு என்ற கழிப்பறை அட்டை விஷயத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. உற்பத்திக் கூடத்தில் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு அட்டைகள் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் போய்விட்டால் மூன்றாமவள் காத்திருக்க வேண்டும். ஒரு கம்பியைச் சோதிக்கக் கூடத்துக்குப் போனவர், ஆணிக்குப் பக்கத்தில் ஐந்து பெண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தார். லைன் லீடரிடம் கேட்டார். மலாய்க்காரப் பெண்ணான அந்த லைன் லீடர் சூப்பர்வைசரைக் காட்டினார். சூப்பர்வைசர் மேனேஜரைக் காட்டினார். இவர் மூன்று வாரம் விடாமல் மேலே மேலே போய்க் கேட்டார். கூட்டிக் கொடுங்கள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. யார் வைத்தது என்று மட்டும்தான் கேட்டார். கடைசியில் ஒரு பழைய தாள் கிடைத்தது. ஒரு லைனுக்குப் பதினெட்டுப் பேர் இருந்த காலத்தில் எழுதிய தாள். கையெழுத்து இல்லை. லைனில் இப்போது நாற்பது பேர்.

அட்டைகள் நான்காயின. இவர் வற்புறுத்தியதால் ஆணிக்கு மேலே எண்ணும், அதற்குக் கீழே லைன் லீடரின் பெயரும் எழுதப்பட்டன. ஆபரேட்டர் பெண்கள் இவரை 'யாரு வச்சது அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த லைன் லீடர் நெடுநாள் இவருடன் பேசவில்லை. ஒரு மாதம் உற்பத்தி குறைந்தபோது, மேனேஜர் நேராகச் சுவருக்கு வந்து அந்தப் பெயரைத்தான் படித்தார். அதைப் பற்றி நான் கேட்டேன்.

"அவங்க பேரைப் போட்டதாலதானே அவங்களுக்கு ஏச்சு?"

"ஆமா" என்றார். "ஏசறதுக்கு ஒரு ஆளு கிடைச்சா, போய்க் கேக்கறதுக்கும் ஒரு ஆளு கிடைச்ச மாதிரிதானே."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனின் மனைவி. ஆறாம் வகுப்போடு நின்றவர். அதே தொழிற்சாலையில், நான் சேர்வதற்கு முன்பிருந்தே, டெஸ்ட் பிரிவில் ஆபரேட்டர். அண்ணன் லோரி ஓட்டினார். பத்து பெரண்டாமில் ஒரு சின்ன வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். ஆபரேட்டர்களுக்கு நீலச் சட்டை, தலைக்குத் துணித் தொப்பி. எங்களுக்கு வெள்ளைக் கோட்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வெள்ளைக் கோட்டோடு கூடத்துக்குள் போனேன். தூரத்திலிருந்து அண்ணி கையை உயர்த்தினார். நான் பக்கத்தில் இருந்த இயந்திரத்தைப் பார்த்தேன். அண்ணிக்கு அதுவே போதும். அதற்குப் பிறகு அவர் கையை உயர்த்தவில்லை. ஒரே வீட்டிலிருந்து வந்து, ஒரே கேட்டுக்குள் நுழைந்து, பதினொரு மாதம் நாங்கள் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் மட்டும் "ஆபீசரம்மா, பசியாறியாச்சா?" என்று கேட்பார்.

அண்ணிக்குப் பன்னிரண்டாவது மேசை. ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் பன்னிரண்டு டெஸ்ட் மேசைகளும் அன்றைய சோதனை விவரங்களைத் தாமாகவே ஆபீஸ் கட்டடத்துக்கு அனுப்பும். விவரம் வந்து சேராத பொருள் சோதிக்கப்படாத பொருள் என்று கணக்கு. சோதிக்காமலேயே சோதித்ததாகச் சொன்னால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதத்தோடு வேலை போய்விடும். அண்ணிக்கு இரண்டாவது கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது பீஸும் என் கையால டெஸ்ட் பண்ணேன்லா. நாப்பதுக்கும் பச்சை லைட்டு எரிஞ்சிச்சு."

"விவரம் வந்து சேரலையே அண்ணி."

"அப்ப உன் மெஷினுதான் முழுங்கியிருக்கு."

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி. தினமும் நான்தான் பாக்குறேன். ஒண்ணுகூட விழுந்ததில்ல."

அண்ணி மீனைத் திருப்பிப் போட்டார். "சரி. அப்ப நான்தான் பொய் சொல்றேன்" என்றார். நான் குளிக்கப் போய்விட்டேன்.

நான் சொன்ன மெஷின் எங்கள் அறை மூலையில் இருந்த ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர். அதற்கு 'ஜாகா' என்று பெயர் வைத்திருந்தோம். கேட்டில் நிற்கும் காவலாளியைப்போல, உற்பத்திக் கூடத்திலிருந்து வருவதை வாங்கி ஆபீஸ் கட்டடத்துக்கு அனுப்பும் வேலை அதற்கு. விவரங்கள் சிறு சிறு பொட்டலங்களாக வரும். வருவது வேகமாகவும் போகும் கம்பி மெதுவாகவும் இருந்தால் பொட்டலங்கள் உள்ளே வரிசையில் நிற்கும். இடமில்லாமல் விழுந்த பொட்டலங்கள் எத்தனை என்று ஜாகாவே எண்ணி வைத்திருக்கும். தினமும் காலை எட்டு மணிக்கு நான் நிரப்பும் படிவத்தில் ஏழாவது கட்டம் அதற்கு. ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு சைபர் போடுவேன். என் சைபர்கள் நன்றாக வட்டமாக இருக்கும்.

ஒரு நாள் கேன்டீன் வரிசையில் அண்ணி நின்றார். பின்னால் அவர். அவருக்குப் பின்னால் மூன்று பேர் தள்ளி நான். அண்ணி பக்கத்தில் இருந்தவளிடம் தன் மேசைக்கு ராசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் இடையில் புகுந்தார்.

"பன்னெண்டாவது மேசைக்கு ராசியில்லன்னு யாரு வச்சது?"

"அதை யாருக்கா வைப்பா? தானா வந்தது. எனக்கு முந்தி அங்க ரெண்டு பேரு. ஒருத்தி மூணு லெட்டர் வாங்கிட்டுப் போனா. இன்னொருத்தி ரெண்டோட தானே நின்னுக்கிட்டா. இப்ப நானு."

"ஒண்ணும் செஞ்சு பாக்கலையா?"

"செய்யாம? நான் அடியில திருநீறு மடிச்சு வச்சேன். எங்க லீடர், சீனப் பொண்ணு, மஞ்சத் தாளு ஒண்ணு ஒட்டுச்சு. பதினோராவது மேசை மலாய்க்காரப் பிள்ளை ஏதோ ஓதி ஊதிட்டுப் போச்சு. மூணு பக்கத்துக்கும் கேக்கல. அந்த மேசை பெரிய ஆளுக்கா."

வரிசை முழுவதும் சிரித்தது. நான் என் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிடாமலேயே வரிசையை விட்டுப் போய்விட்டார்.

நான் அறைக்குத் திரும்பியபோது ஒரு தாளில் பன்னிரண்டு சதுரங்கள் வரைந்திருந்தார்.

"மேசை நம்பர்படிதான் அனுப்புது. ஒண்ணு முதல்ல. பன்னெண்டு கடைசி. கடைசியா வர்றதுக்கு ஜாகாகிட்ட இடமில்லன்னா?"

"இடமில்லாம விழுந்திருந்தா ஏழாவது கட்டத்துல வந்திருக்கும் அக்கா" என்று பதினொரு மாதப் படிவங்களை எடுத்து வைத்தேன். பெருமையாகத்தான் வைத்தேன்.

அவர் நிதானமாகத் தாள்களைப் புரட்டினார்.

"எல்லாமே சைபரா?"

"எல்லாமே."

"இந்தச் சைபரை யாரு வச்சது?"

"மெஷின் காட்டுறதைத்தான் எழுதுறேன்."

"எட்டு மணிக்கு எழுதுற. அதுக்கு முந்தி என்னா செய்ற?"

"ஏழரைக்கு ஜாகாவை அணைச்சுத் திரும்பப் போடுவேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அணைத்துப் போட்டால் எண்ணி வைத்திருந்ததெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். இரவு ஷிப்டு ஏழு மணிக்கு முடிகிறது. முந்தின நாள் விழுந்ததும் அன்று காலை விழுந்ததும் ஏழரைக்குத் துடைக்கப்படும். எட்டு மணிக்கு நான் வட்டமாகச் சைபர் போடுவேன். பாடமாகப் படித்த விஷயம்தான். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

"யாரு அணைக்கச் சொன்னா?"

ஜாகாவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் காட்டினேன். 'தினமும் காலை 7.30 அணைத்துப் போடவும்.' எனக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் எழுதியது. அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அப்போது இருந்த பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நின்றுவிடுமாம். அதைத் தூக்கிப்போட்டுப் புதியது வைத்தபோது யாரோ அந்தத் தாளையும் எடுத்துப் புதியதில் ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் என்னை ஏசவில்லை. "நாளைக்கு அணைக்காதே" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு ஜாகா காட்டிய எண் நூற்று முப்பத்தொன்று. ஏழாவது கட்டம் ஓர் இலக்கத்துக்கு அளவெடுத்துப் போட்டதுபோல இருந்தது. மூன்று இலக்கம் கோட்டைத் தாண்டி வெளியே வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், பொட்டலங்கள் ஏன் விழுகின்றன என்று அவர் தேடினார். ஜாகாவில் ஓடிய இயங்குதளம் இலவசமாகக் கிடைப்பது. அதன் நிரல் முழுவதும் குறுந்தட்டில் தபாலில் வந்திருந்தது. வலைப் பொட்டலங்களைக் கையாளும் பகுதியை எல்லாம், ஓரத்தில் துளைகள் உள்ள நீளத் தாளில் அச்சடித்து, காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் விரித்தார். தாள் அறைக்கு வெளியே நடைபாதை வரை போனது. அதன்மேல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து படித்தார். மேனேஜரே ஒரு தடவை தாண்டிக் குதித்துப் போனார்.

வரிசையில் ஐம்பது பொட்டலங்கள்தான் நிற்கலாம் என்று நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தது. ஐம்பத்தொன்றாவது வந்தால் சத்தமில்லாமல் கீழே போடப்படும். போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக் கேட்கும் பழக்கம் எங்கள் டெஸ்ட் மேசைகளுக்கு இல்லை. நான்கு மேசைகள் இருந்த காலத்தில் ஐம்பது தாராளம். பன்னிரண்டு மேசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும்போது பதினோராவது மேசையோடு வரிசை நிறைந்துவிடும். அந்த ஐம்பதும் ஓரிடத்தில் இல்லை. ஓரிடத்தில் நிரலுக்குள் வைத்த ஒரு குறிப்புப் பெயரோடு. இன்னோரிடத்தில் வெறும் எண்ணாக. வேறோரிடத்தில் முன்னதைப் பார்த்து எழுதியதாக. ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார்.

அந்த இயங்குதளத்தை வெளிநாட்டில் பராமரித்துவந்த ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே ஒரு கேள்வி. ஐம்பது என்று யார் வைத்தது? நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. தனக்குத் தெரியாது, தான் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார்.

"அங்கயும் தெரியலையாம்" என்று சொல்லி, அதை இரண்டு முறை படித்தார். தண்டாஸ் கார்டுக்கு மூன்று வாரம் அலைந்தபோது இருந்த அதே முகம்.

மேனேஜருக்குப் பொறுமை இல்லை. ஐம்பதை அடித்துவிட்டு ஐந்நூறு என்று எழுதினால் ஐந்து நிமிட வேலை என்றார். அது உண்மைதான். இவர் கேட்கவில்லை.

"ஐந்நூறும் அதே மாதிரி உள்ளுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும் சார். அஞ்சு வருசம் கழிச்சு இன்னொருத்தி இன்னொரு மேசைக்கு அடியில திருநீறு வைப்பா."

இவர் நிரலுக்குள் இருந்த எண்களை எல்லாம் எடுத்துவிட்டார். வரம்பு எவ்வளவு என்பதை வெளியே ஒரு சிறு கோப்பில் எழுதும்படி வைத்தார். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஜாகா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அணைக்காமல், மாற்றலாம். அதில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார். எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தவரின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத எண்ணை ஜாகா ஏற்காது. மேனேஜர் இதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு எதற்குப் பெயர் என்றார். "கம்ப்யூட்டருக்கு வேணாம் சார்" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் அளந்து பார்த்து, முந்நூறு என்று எழுதிப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பன்னிரண்டாவது மேசையிலிருந்து எல்லாம் வந்து சேர்ந்தது.

ஆனால் அதற்கு முன்பே அண்ணிக்கு மூன்றாவது கடிதத்துக்கான விசாரணைத் தாள் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. புதன்கிழமை அக்கா தன் அறிக்கையை என் மேசையில் வைத்தார். மேசைகள், பொட்டலங்கள், ஐம்பது, எல்லாம் எழுதியிருந்தது. பதினொரு மாதமாக இது ஏன் தெரியவரவில்லை என்ற பத்தியில் ஒரு வரி இருந்தது. 'தினமும் காலையில் அணைத்துப் போட்டவர்:' அதற்குப் பிறகு ஒரு நீளக் கோடு. வெறும் கோடு.

அந்த வரி இல்லாமல் அறிக்கை நிற்காது. விழுந்தது உண்மையென்றால் படிவத்தில் ஏன் சைபர் என்று பர்சனல் ஆபீசில் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் மாதம்.

மேனேஜர் நல்லவர். என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, சிங்கப்பூருக்குப் போனவனின் பெயரைப் போட்டுவிடு, தாளை எழுதியது அவன்தானே, அவன் என்ன திரும்பியா வரப்போகிறான் என்றார். அது பாதி உண்மை. நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"அவர் பேரைப் போடவா அக்கா?"

"தாளை எழுதுனது அவருதான்" என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அணைச்சதும் அவருதானா?"

அண்ணி எனக்கு யார் என்று அவருக்குத் தெரியுமா என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு முறை, ஊழியர் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே முகவரி இருப்பதை நான் சேர்ந்த வாரமே பார்த்ததாகச் சொன்னார். பார்த்துவிட்டு ஏன் கேட்கவில்லை என்றேன். "அது எண்ணு இல்லையே" என்றார்.

வியாழன் முழுவதும் அந்தத் தாள் என் இழுப்பறையில் இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணி நீலச் சட்டையைத் துவைத்து, வெள்ளிக்கிழமைக்காகத் தேய்த்து மாட்டினார். போகப்போகிற வேலைக்கு யாரும் சட்டையைத் தேய்க்கமாட்டார்கள். அவர் போகத் தயாராக இல்லை. "நாளைக்கு அவங்க கேட்டா பச்சை லைட்டு எரிஞ்சிச்சுன்னுதான் சொல்லப்போறேன். எத்தனை தடவை கேட்டாலும் அதான்" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கையில் இருந்த வெறும் கோட்டின்மேல் என் பெயரை முழுதாக எழுதினேன். டிப்ளோமாவையும் சேர்த்து எழுதினேன். எழுதிய பிறகுதான் அது தேவையில்லை என்று பட்டது.

பர்சனல் ஆபீசர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அண்ணி எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீசர் அந்த வரிக்கு வந்ததும் பெயரைப் படித்தார், என் கழுத்து அட்டையைப் படித்தார். முகவரியைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பெண் உனக்கு உறவா என்று கேட்டார்.

"என் அண்ணி" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு மலாயில் சொன்னேன். அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு கடிதங்களும் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு அங்கேயே கிழிக்கப்பட்டன. என் நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளிப்போனது. முன்பு அந்த மேசையிலிருந்து போன இரண்டு பெண்களைப் பற்றியும் அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது. அவர்களைத் தேடிக் கடிதம் அனுப்பினார்களா என்று இவர் இரண்டு முறை போய்க் கேட்டார். பார்க்கிறோம் என்றார்களாம். யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அன்று மதியம் கேன்டீனில் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் உட்காரும் மேசையில் நானும் அக்காவும் எதிரெதிரே இருந்தோம். அண்ணி தட்டோடு வந்தார். நீலச் சட்டைகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னா ஆபீசரம்மா. மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னியே."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது.

"மெஷின் ஒண்ணுமே சொல்லல அண்ணி" என்றேன். "சைபர் போட்டது நான்."

அண்ணி என் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.

அவர் எங்கள் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. அண்ணியின் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எத்தனை கரண்டி சம்பால்?"

"மூணு" என்றார் அண்ணி.

அவர் எழுந்தார். நேராகக் கேன்டீன் அம்மாவிடம் போனார். அங்கே பேசியது எங்களுக்குக் கேட்டது.

"ஆளுக்கு ரெண்டுன்னு சொன்னீங்க. அவங்களுக்கு மூணு போட்டிருக்கு."

"அந்தப் பொண்ணுக்கு லெட்டர் கிழிஞ்ச நாளு இன்னைக்கு. போட்டேன்."

"யாரு மாத்துனது?"

"வச்சவதான் மாத்துனேன். வேற யாரு வந்து மாத்துவா?"

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தன் தட்டில் இருந்த இரண்டு கரண்டிச் சம்பாலோடு, முழுச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார்.